வெண்ணாடையும் கடன் சீட்டும்



தவக்காலம் தொடங்கிவிட்டால் நம் பங்குக் கோவில்களில் மணவோசை அடங்கிவிடும். ஆனால் பங்கு இல்லத்துத் திண்ணையில் திருமணப் பேச்சு அடங்குவதில்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் மணமுடிக்க எண்ணியிருக்கும் குடும்பத்தார் ஓலை கொடுப்பதற்காக வந்தவண்ணம் இருப்பர். ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றை நான் சரிபார்த்துக்கொண்டிருக்கையில், பெற்றோரின் மனம் வேறெங்கோ சுழன்றுகொண்டிருப்பதை அவர்களுடைய முகமே காட்டிக்கொடுத்துவிடும். மண்டபம், விருந்து, நகை, ஆடை எனச் செலவுகள் வரிசையில் வந்து நிற்கும்போது எவருக்குத்தான் மனம் அமைதியாக இருக்கும்?

அவற்றுள் மணமகளின் ஆடை என்னும் ஒன்றைப் பற்றி மட்டும் இம்மாதம் உங்களோடு உரையாட விழைகிறேன். “சாமியாருக்கும் மணப்பெண்ணின் உடைக்கும் என்ன தொடர்பு?” என்று நீங்கள் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு. அதை நான் அறிந்துகொண்டது என்னுடைய தவறு ஒன்றினால்தான்.

நாவினால் வந்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரையில் மீனவப் பங்கு ஒன்றில் பணியாற்றினேன். அங்கே வசதியுள்ள குடும்பம் ஒன்றில் திருமணம். மணமகள் தரையில் புரளும் வெள்ளைக் கவுனும், முகத்தை மறைக்கும் வலைமுக்காடும் அணிந்து, தந்தையின் கரம்பற்றிக் கோவிலுக்குள் நுழைந்தாள். அன்றைய உற்சாகத்தில் மறையுரையின் நடுவே, “வானதூதர் ஒருவர் இறங்கி வந்ததுபோல் இருக்கிறது, கிறிஸ்தவ மணமகள் என்றால் இப்படியன்றோ இருக்கவேண்டும்!” என்று சொல்லிவிட்டேன். மக்கள் முகமலர்ந்தனர். திருப்பலி முடிந்ததும் நான் அதை மறந்துவிட்டேன்.

பாடற்குழுவில் நின்ற பெண் ஒருத்தி அதை மறக்கவில்லை. அவளுடைய தந்தை விசைப்படகில் கூலிக்குச் செல்பவர்; தாய் கூடை சுமந்து மீன் விற்பவர். ஓராண்டு கழித்துத் தன் திருமண ஓலையோடு அவள் என்னிடம் வந்தாள். விவரங்களை எழுதி முடித்தபின்னும் எழுந்து போகாமல் நின்றாள்.

“சாமி, கவுன் இல்லாவிட்டால் கோவிலில் எல்லாரும் பார்க்கக் கல்யாணம் மந்திரிக்க மாட்டீர்களா? அப்படியானால் விடியற்காலையில், ஆள் வருவதற்கு முன்னால், எங்களுக்கு முடித்து வைத்துவிடுங்கள்” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். “அப்படி யாரம்மா உனக்குச் சொன்னது?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான் சாமி சொன்னீர்கள்” என்றாள் அவள்.

அதன்பின் நான் சிரிக்கவில்லை. வெளியே நின்றிருந்த தாயை அழைத்து விசாரித்தபோது முழுக் கதையும் வெளிப்பட்டது. திருமணம் மே மாதத்தில் நடக்கவிருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு, 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அரசின் நிவாரணத் தொகையைத் தவிர அந்நாள்களில் அவ்வீட்டில் வேறு வருமானம் இல்லை. பக்கத்து நகரத்து மணப்பெண் ஆடையகத்தில் முக்காடும் கையுறையும் சேர்த்து ஒரு கவுனுக்கு 30,000 ரூபாய் விலை சொல்லியிருந்தார்கள். தந்தை அத்தொகையை மூன்று வட்டிக்கு வாங்கப் பேசி முடித்திருந்தார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால், முப்பதாயிரத்துக்கு மாதம் 900 ரூபாய். முதலில் ஒரு காசும் குறையாமல் வட்டி மட்டுமே ஆண்டுக்கு 10,800 ரூபாய். மூன்று மணி நேரம் உடுத்தும் ஆடைக்காக அக்குடும்பம் எத்தனை ஆண்டுகள் உழைக்கவேண்டும்? கடன் சீட்டில் கையொப்பமிடுபவர் தந்தை. அந்தச் சீட்டை எழுதவைத்தது என் நாக்கு அன்றோ?

திருச்சபை கேட்பது எது?

ஆகவே, நான் முதலில் செய்யவேண்டியிருந்தது என் சொல்லைத் திருத்துவதே. அதை உங்கள் எல்லாருக்கும் இங்கே எழுதிவிடுகிறேன். மணமகள் இன்ன ஆடைதான் உடுத்தவேண்டும் என்று திருச்சபை எங்கும் விதித்ததில்லை. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் மனச்சம்மதமே என்று 1983-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு தன் 1057-ஆம் எண்ணில் தெளிவாகக் கூறுகிறது. உரிமை பெற்ற குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க அச்சம்மதம் வெளிப்படவேண்டும் என்பதை 1108-ஆம் எண் கூறுகிறது. சட்டம் இவற்றைச் சொல்கிறதே தவிர, துணியின் நிறத்தையோ நீளத்தையோ சொல்லவில்லை. திருமணச் சடங்குமுறை நூலில் நிறம் குறிப்பிடப்படுவது குருவானவரின் திருவுடைக்கே அன்றி மணமகளின் உடைக்கு அன்று. மேலும், 1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சாசனம், திருமணத்தில் அந்தந்த நாட்டின் போற்றத்தக்க வழக்கங்களைக் காக்குமாறு நம்மை ஊக்குவிக்கிறது. தாலியும் கூறைப்புடவையும் நம் பீடங்களின்முன் இடம்பெற்றிருப்பது அந்த மனப்பான்மைக்கு இசைந்ததே.

இது புதிய போதனை என்று எண்ணிவிடாதீர்கள். கி.பி. 866-ஆம் ஆண்டில், புதிதாகக் கிறிஸ்தவ மறையைத் தழுவிய பல்கேரிய அரசர் போரிஸ், பல ஐயங்களைத் தொகுத்துத் திருத்தந்தை முதலாம் நிக்கோலாசுக்கு அனுப்பினார். அவற்றுக்குத் திருத்தந்தை எழுதிய 106 விடைகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று திருமணத்தைப் பற்றியது. மோதிரம், மணமகன் எழுதித் தரும் உடன்படிக்கை, மணமக்கள்மீது விரிக்கப்படும் முக்காடு, தலையில் சூடும் முடி ஆகிய உரோமை வழக்கங்களை அவர் விவரிக்கிறார். விவரித்துவிட்டு, இவை இல்லாமற்போனால் அது பாவமாகாது என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் என்ன தெரியுமா? இவற்றையெல்லாம் தேடிக்கொள்ள இயலாதபடி சிலரை வறுமை நெருக்குகிறது. அத்தகையோருக்கு மனச்சம்மதம் ஒன்றே போதும் என்பதுதான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திருத்தந்தையின் கண்ணுக்கு ஏழை மணமகளின் நிலை தெரிந்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரியவில்லை.

“நற்செய்தியில் திருமண உடையின்றி வந்தவன் வெளியே தள்ளப்பட்டானே, சாமி?” என்று சிலர் கேட்பதுண்டு. மத்தேயு நற்செய்தியின் 22-ஆம் அதிகாரத்தில் வரும் அவ்வுவமையில், வெளியேற்றப்பட்டவன் மணமகன் அல்லன், விருந்தினன். திருச்சபைத் தந்தையர் அவ்வுடையைத் துணியாகக் கொள்ளாமல் அன்பாகவும் நல்வாழ்வாகவுமே கொண்டனர். திருவெளிப்பாட்டு நூலின் 19-ஆம் அதிகாரத்திலும் ஆட்டுக்குட்டியின் மணமகள் உடுத்தும் மெல்லிய ஆடை, இறைமக்களின் நீதியுள்ள செயல்களையே குறிக்கிறது. அந்த உடையை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

வெள்ளை வந்த வரலாறு

“வெள்ளைக் கவுன்தானே சாமி, நம் வேதத்துக்குரிய கல்யாண உடை?” என்று அப்பெண்ணின் தாய் கேட்டார். பலர் அவ்வாறே நினைக்கிறார்கள். பழைய உரோமை நகரில் மணமகளின் முக்காடு தீக்கொழுந்தின் நிறமுடையதாய் இருந்தது. பின்னர் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வரை பெரும்பாலான பெண்கள் தம்மிடமிருந்த நல்ல ஆடையை, அது நீலமோ சிவப்போ பழுப்போ, அதையே மணநாளில் உடுத்தினர். வெள்ளை நிறம் பெரிதும் பரவியது 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இங்கிலாந்தின் விக்டோரியா அரசியார் வெள்ளைப் பட்டாடை உடுத்தி மணம்புரிந்த பின்னரே. அவ்வாடையில் ஹொனிடன் என்னும் ஊரின் பெயர்பெற்ற கைப்பின்னல் சரிகையை அவர் பயன்படுத்தியது தம் நாட்டுக் கைவினைஞருக்கு வேலை தரவேண்டும் என்பதற்காகவும் ஆகும். அரசியார் தம் நாட்டு நெசவை ஆதரித்தார். நாமோ அவருடைய நிறத்தை எடுத்துக்கொண்டு நம் நாட்டு நெசவாளரை மறந்தோம்!

மேலைநாடுகளிலும் எல்லாரும் அந்த வழக்கத்துக்கு அடிமைப்பட்டிருக்கவில்லை. அறிவியல் அறிஞர் மேரி கியூரி அம்மையார் 1895-ஆம் ஆண்டு மணம்புரிந்தபோது கருநீல நிற ஆடையைத் தேர்ந்துகொண்டார். பின்னர் ஆய்வுக்கூடத்தில் அணிந்து வேலை செய்யவும் பயன்படவேண்டும் என்பதே அவருடைய எண்ணம், அவ்வாறே பயன்படுத்தினார். அது கோவிலில் நடந்த திருமணமன்று. எனினும், உடையைப் பற்றிய அவருடைய விவேகத்தை நாம் கற்கத் தடையில்லை.

இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீட்டுமுறை இருந்தது. 1947-இல் மணமுடித்த இளவரசி எலிசபெத்துக்கும் ஆடைக்காகப் பங்கீட்டுச் சீட்டுகளே வழங்கப்பட்டன. கூடுதலாக 200 சீட்டுகள் தரப்பட்டன. எளிய பெண்கள் தமக்கையின் ஆடையையும் தோழியின் ஆடையையும் இரவல் பெற்று மணமேடை ஏறினர். அதே 1947-இல் அமெரிக்காவில் ஒரு விமானி, எரிந்த விமானத்திலிருந்து குதித்தபோது தம் உயிரைக் காத்த வான்குடையைத் தாம் மணக்கவிருந்த பெண்ணிடம் கொடுத்தார். அந்த நைலான் துணியே அவளுடைய திருமண ஆடையாயிற்று; பின்னர் அவர்களுடைய மகளும் மருமகளும் அதையே உடுத்தினர். இப்போது அது வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. செருமனியில் பெர்கன்-பெல்சன் முகாமில் உயிர்தப்பிய யூதப் பெண் ஒருத்தி 1946-இல் வான்குடைத் துணியில் தைத்த ஆடையை உடுத்தி மணம்புரிந்தாள்; அவளுக்குப்பின் முகாமிலிருந்த மற்ற மணமகளிரும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாடையையே உடுத்தினர். இரவல் ஆடை என்று அவர்களுள் எவரும் நாணியதாகத் தெரியவில்லை.

பாட்டியின் பெட்டி

நிற்க. இவற்றையெல்லாம் அந்த மீனவத் தந்தையிடம் எடுத்துரைக்க அவருடைய இல்லம் சென்றேன். அவர் பொறுமையுடன் கேட்டார். கேட்டுவிட்டு, “எல்லாம் சரி சாமி. என் மகளுக்கு ஒரு கவுன்கூட வாங்கிக்கொடுக்க முடியாதவன் நான் என்று ஊரார் பேசுவார்களே, அதற்கு என்ன செய்வது?” என்றார். பல்கேரிய அரசருக்குத் திருத்தந்தை எழுதிய விடை, அந்த மனிதருடைய கண்ணீருக்கு விடையாகவில்லை. நான் வாயடைத்து அமர்ந்திருந்தேன்.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த அவருடைய தாயார் எழுந்து தகரப்பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு சின்னாளபட்டிச் சேலையை எடுத்து மகனுடைய மடியில் வைத்தார். அந்நாளில் பட்டு வாங்க வகையற்ற வீடுகளில் மணநாளுக்குச் சின்னாளபட்டிதான் பட்டு. “இந்தச் சேலையில்தான் உன் அப்பாவைக் கட்டினேன். என் இரண்டு தங்கச்சிமாரும் இதே சேலையில்தான் தாலி வாங்கினார்கள். மூன்று பேரும் கரையேறினோம். உன் அப்பா என்னைப் பார்த்தாரா, சேலையைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை” என்றார் அந்தப் பாட்டி. மகன் நெடுநேரம் அந்தச் சேலையைத் தடவிக்கொண்டிருந்தார். கடன் பேச்சு அன்றோடு நின்றது.

அச்சேலை மடிப்புகளில் நைந்துபோயிருந்ததால் அதை உடுத்த இயலவில்லை. தாயும் மகளும் மணப்பெண் ஆடையகத்துக்குச் செல்லாமல் கைத்தறிக் கூட்டுறவு விற்பனை நிலையத்துக்குச் சென்றனர். சந்தன நிறத்தில் இளநீலக் கரையிட்ட கோவைக் கோராச் சேலை ஒன்று 3,200 ரூபாய்க்குக் கிடைத்தது. இரவிக்கைத் துணியும் தையற்கூலியும் 900. முக்காட்டுக்கு மூன்று மீட்டர் வலைத்துணி 450. ஓரப்பின்னலும் நூலும் 250. ஆக மொத்தம் 4,800 ரூபாய். கன்னியர் மடத்துத் தையற்பள்ளி மாணவியர் முக்காட்டின் ஓரத்தைக் கூலியின்றிப் பின்னிக்கொடுத்தனர். பாட்டியின் சேலையிலிருந்து சேதமுறாத கரைத்துண்டு ஒன்றையும் முக்காட்டின் நெற்றிப்பகுதியில் வைத்துத் தைத்தனர்.

விடியற்காலையில் அன்று, ஊரெல்லாம் கூடியிருந்த முற்பகல் திருப்பலியில் அத்திருமணத்தை நான் மந்திரித்தேன். மறையுரையில் ஆடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முந்திய ஆண்டு நான் சொன்ன சொல் தவறானது என்பதை மட்டும் சொல்லி, மக்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன்.

எங்கே தேடுவது?

இனி, இவ்வாண்டு மணம் பேசியிருக்கும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள். இவற்றுள் பல நான் தாய்மாரிடமும் தையற்காரர்களிடமும் கேட்டு அறிந்தவை.

முதலாவது, வெளியே செல்லுமுன் வீட்டுப்பெட்டியைத் திறவுங்கள். தாயின் கூறைப்புடவையோ அத்தையின் பட்டோ நல்ல நிலையில் இருக்கலாம். அதை நாலைந்து மாதங்களுக்கு முன்னரே எடுத்து, நிழலில் உலர்த்தி, மடிப்புகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். நெடுங்காலம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அம்மடிப்பிலேயே கிழியும். பழைய சரிகை கறுத்துவிடும். வீட்டில் சோப்பிட்டுத் துவைக்காமல் பட்டுச் சலவை அறிந்தவரிடம் கொடுங்கள். உடல் நைந்து கரை நன்றாயிருந்தால் கரையை மட்டும் பிரித்துப் புதுத் துணியில் சேர்த்துத் தைக்கலாம்.

இரண்டாவது, கைத்தறியை நாடுங்கள். 1935-ஆம் ஆண்டு முதல் நெசவாளரின் கூட்டுறவாக இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் நிலையங்கள் நம் நகரங்களில் உள்ளன. பட்டும் பருத்தியும் கலந்து நெய்யப்படும் கோராச் சேலைகள் மெல்லியவை. கோடைத் திருமணத்துக்கு ஏற்றவை. குமரி மாவட்டத்தார்க்கு அண்டையிலேயே பலராமபுரத்துக் கசவுச் சேலை உண்டு. வெண்மையும் பொன்கரையும் கொண்ட அதைவிடக் கோவிலுக்குப் பொருத்தமான ஆடை ஏது? ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளித் தள்ளுபடியிலும் வாங்கி வைத்துக்கொண்டால் ஜனவரித் திருமணத்துக்கு உதவும். பட்டு என்று சொல்லி விற்றால் ‘சில்க் மார்க்’ முத்திரை உண்டா என்று கேளுங்கள். முத்திரையில்லாத துணிக்குப் பட்டின் விலை கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கவுன்தான் வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால் அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த ஆசையில் பாவம் இல்லை. ஆனால் ‘மணமகள்’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டவுடன் துணியின் விலை ஏறிவிடுவதைக் காண்கிறோம். ஆகவே சாதாரணத் துணிக்கடையில் துணி எடுத்து, ஊர்த் தையற்காரரிடம் கொடுங்கள். உடலுக்கும் கைக்கும் ஐந்து அல்லது ஆறு மீட்டர், அதற்கேற்ற உள்துணி, முக்காட்டுக்கு இரண்டு அல்லது மூன்று மீட்டர் வலைத்துணி போதுமானவை. முதலில் மலிவான காடாத் துணியில் வெட்டி அளவு பார்த்தபின் நல்ல துணியில் கத்திரி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்னதாகக் கொடுத்தால் அவசரக் கூலி இல்லை. தவக்காலத்தில் நம் ஊர்த் தையற்காரர்களுக்குக் கவுன் வேலை குறைவு என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றையே வெட்டி, அதன் கரை பாதத்தைச் சுற்றி வருமாறு கவுன் தைப்பாரும் உண்டு. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: வெட்டாத சேலையை நூறு முறை உடுத்தலாம்; வெட்டிய பின் அது மீண்டும் சேலையாவதில்லை.

நான்காவது, இரவலும் வாடகையும். வாடகைக்கு எடுப்போர் முன்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்பக் கிடைக்கும், கறைபட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், அளவைக் குறைத்துத் தைக்க அனுமதி உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி முன்பணத்தை இழந்தவர்களை நான் அறிவேன்.

எந்த ஆடையாயினும், வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். “இதற்காகக் கடன்பட வேண்டுமா? இதை மறுபடியும் பயன்படுத்த முடியுமா?” முதற்கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாம் கேள்விக்கு இல்லை என்றும் விடை வந்தால், அந்த ஆடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கவுனைப் பிரித்துப் பிள்ளையின் ஞானஸ்நான ஆடையும், பிறகு புதுநன்மை உடையும் தைத்துக்கொண்ட தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ஒரே துணி மூன்று அருட்சாதனங்களுக்குப் பணிசெய்தது. அத்தகைய துணிக்குக் கொடுத்த விலை வீணாகவில்லை.

வசதியுள்ளோர்க்கு ஒரு வேண்டுகோள்

செல்வம் படைத்தோர் தம் மகளுக்கு விலையுயர்ந்த ஆடை எடுப்பதை நான் குறைகூறவில்லை. ஆனால் அதன்பின் அந்த ஆடை அலமாரியில் தொங்கி மஞ்சளாகிப்போவதேன்? துவைத்துத் தேய்த்துப் பங்குக்குக் கொடுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் ஓர் அலமாரியில் பாதுகாத்துத் தேவைப்படுவோர்க்கு வழங்கலாம். ஒரு நிபந்தனை: எவர் பெற்றார் என்பது பொறுப்பிலிருக்கும் இரண்டு பெண்மணிகளைத் தவிர வேறெவருக்கும் தெரியலாகாது. கொடுத்தவரும் கோவிலில் அமர்ந்து, “அது எங்கள் வீட்டுக் கவுன்” என்று பக்கத்திலிருப்பவரின் காதில் சொல்லலாகாது. கானாவூர்த் திருமணத்தில் குறை இருப்பதை முதலில் கண்டவர் அன்னை மரியா. அவர் அதை மணவீட்டார் நாணும்படி பந்தியில் சொல்லவில்லை. தம் மகனிடம் மட்டுமே சொன்னார். உதவி செய்யும் முறையை அவரிடம் கற்றுக்கொள்வோம்.

மணவீட்டுக்குச் செல்லும் நமக்கும் ஒரு கடமை உண்டு. “பெண் என்ன உடுத்தியிருந்தாள்?” என்று வீடு திரும்பியதும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பல தந்தையர் கடன் சீட்டில் கையொப்பமிடுகிறார்கள். அந்தக் கேள்வியை நாம் விட்டுவிட்டால், ஊரில் பாதிக் கல்யாணக் கடன் குறையும். என் உடன் குருக்களுக்கும் இதையே பணிவுடன் கூறுவேன். பீடத்தின்முன் நாம் ஒருத்தியின் உடையைப் புகழும்போது, பின்வரிசையில் நிற்கும் மற்றொருத்தி தன் உடையை எண்ணித் தலைகுனிகிறாள்.

அப்பங்கை விட்டு நான் மாற்றலாகிச் செல்வதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்தப் பாடற்குழுப் பெண் தன் தலைப்பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தாள். உடுத்தியிருந்தது அதே சந்தன நிறச் சேலை. மணநாளுக்குப்பின் ஊர்த் திருவிழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் உடுத்தியதாகச் சொன்னாள். பிள்ளையின் தலையை மூடியிருந்த வலைத்துணி எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. உற்று நோக்கினேன். ஓரத்தில் பாட்டியின் சின்னாளபட்டிக் கரை இருந்தது. அவளுடைய தந்தை பின்னால் நின்றுகொண்டிருந்தார். “கடன் ஏதேனும் உண்டா?” என்று நான் கேட்டேன். “மருமகனுக்கு வலை வாங்கக் குழுவில் எடுத்தோம், சாமி. அது தானே அடைந்துவருகிறது” என்றார்.

வலைக்குப் பட்ட கடனை மீன் அடைக்கும். மணமுடிக்கும் பிள்ளைகள் அத்தகைய கடனோடு மட்டும் வாழ்வைத் தொடங்கட்டும். உங்கள் இல்லங்களில் இவ்வாண்டு நடைபெறவிருக்கும் திருமணங்கள் யாவும் இறையாசியால் நிறைவு பெறுவனவாக!